கதையில் வருவது எழுத்தாளரின் வாழ்க்கையா? ஒற்றுமையைத் தேடுவதா, வித்தியாசத்தைத் தேடுவதா?

(இது ஒரு வாசகர் மன்ற உரையாடல். எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவை எழுதியவர்களின் புனைபெயர்கள்.)

1. அடிக்கோடு

ஒரு நாவலைப் படித்து முடித்ததும் நம்மில் பலர் உடனே தேடுவது, எழுத்தாளர் எங்கே பிறந்தார், என்ன வேலை பார்த்தார், யாரைக் காதலித்தார் என்பதைத்தான். கிடைத்ததை நாவலோடு பொருத்திப் பார்த்து, "அட, இது அவருடைய சொந்தக் கதை" என்று மூடி வைத்துவிடுகிறோம். அதோடு வாசிப்பும் நின்றுபோகிறது என்பது என் கவலை.

அடிக்கடி நடக்கும் பிழை வட்ட வாதம். வாழ்க்கை வரலாற்றில் சான்று இல்லாத ஆண்டுகளை நாவலை வைத்து நிரப்புகிறார்கள்: "இந்தக் காலத்தில் ஒரு காதல் முறிவு இருந்திருக்க வேண்டும், கதையில் வருகிறதே." அடுத்து வருபவர் அந்த வரலாற்றைக் காட்டி, "அவர் காதலில் தோற்றவர், அதனால்தான் கதையில் அது வருகிறது" என்கிறார். நாவலே நாவலுக்குச் சாட்சி சொல்கிறது.

ஆகவே முதல் விதியாக இதை வைக்கலாமா? எந்த வாழ்க்கைச் செய்தியையும் கதையோடு இணைக்கும் முன், அந்தக் கதைக்கு வெளியே அதற்கு ஒரு சான்றாவது வேண்டும். அந்த நாளிலேயே எழுதிய கடிதம், நாட்குறிப்பு, ராணுவ அல்லது நீதிமன்றப் பதிவு ஆகியவற்றுக்கு முதல் மதிப்பு. உடனிருந்தவர் எழுதியது அடுத்து. புத்தகம் புகழ் பெற்ற பிறகு எழுத்தாளர் கொடுத்த நேர்காணலுக்குக் கடைசி இடம். அவர் பொய் சொல்வார் என்பதல்ல காரணம். ஒரு சம்பவத்தைப் பலமுறை திருத்தி எழுதியவருக்கு, நாளடைவில் எழுதிய வடிவமே நினைவாகிவிடும்.

2. பழம்பிரதி

விதி சரி. ஆனால் சான்று கிடைத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஒற்றுமைகளைப் பட்டியல் போடுகிறார்கள். பார்க்க வேண்டியது வித்தியாசங்களை.

சார்லஸ் டிக்கன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1824இல், 12 வயதில், காலணி மை தயாரிக்கும் ஒரு கிடங்கில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போனார். வாரக் கூலி ஆறேழு ஷில்லிங். அதே மாதம் அவருடைய அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனார். இதைப் பற்றி அவரே எழுதிய ஒரு துண்டுப் பிரதியை நண்பர் ஃபார்ஸ்டரிடம் கொடுத்து வைத்திருந்தார். 1849-50இல் தொடராக வந்த 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் இந்தப் பகுதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. சில வாக்கியங்கள்கூட ஒன்றுதான். இதோடு நிறுத்தினால் நமக்குக் கிடைப்பது ஒரு பொருத்தம் மட்டும்.

மாறியவை என்ன?

நாவலில் மைக் கிடங்கு, மது புட்டிகளைக் கழுவும் கிடங்காகிறது. பன்னிரண்டு வயது பத்தாகிறது. சிறையின் பெயரும் மாறுகிறது. இவை சின்ன மாற்றங்கள். பெரிய மாற்றம், டேவிட் அநாதை. டிக்கன்ஸுக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். வேலையை விட்டு மீண்ட பிறகும் மகன் திரும்ப அங்கேயே போக வேண்டும் என்று அம்மா நினைத்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை; அந்தத் துண்டுப் பிரதியிலேயே சொல்லியிருக்கிறார். நாவலில் அம்மாவைச் சாகவிட்டு, குழந்தையை வேலைக்கு அனுப்பும் பழியை மர்ட்ஸ்டோன் என்ற மாற்றாந்தந்தையின் தலையில் வைக்கிறார். அம்மா நல்லவளாகவே இறக்கிறாள். அவருக்கு எது எழுத முடியாததாக இருந்தது என்பது இந்த மாற்றத்தில்தான் தெரிகிறது.

அப்பாவைப் பாருங்கள். ஒரே மனிதர் இரண்டு பாத்திரங்களாகப் பிரிகிறார். 1849-50இல் கடனிலும் வாய் நிறையப் பேசும் மிக்காபர், 1855-57இல் வந்த 'லிட்டில் டாரிட்' நாவலில் சிறைக்குள்ளேயே மரியாதை தேடி நொறுங்கும் வில்லியம் டாரிட். அப்பா இறந்தது 1851இல், இரண்டு நாவல்களுக்கும் நடுவில். இரண்டாம் நாவலில்தான் மார்ஷல்சீ சிறை தன் சொந்தப் பெயரோடு வருகிறது.

இன்னொன்று. கிடங்கில் அவர் சுகமில்லாமல் விழுந்தபோது பார்த்துக்கொண்ட பையன் பெயர் பாப் ஃபேகின். அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் பிள்ளைகளைத் திருடப் பழக்கும் கிழவனிடம். ஒற்றுமை மட்டும் தேடுகிறவர், நிஜ ஃபேகின் கெட்டவன் என்று முடிவு கட்டிவிடுவார்.

இதையெல்லாம் வெளியுலகம் தெரிந்துகொண்டது, 1870இல் டிக்கன்ஸ் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு வந்தபோது. இருபது வருடம் லட்சக்கணக்கானோர் எதுவும் தெரியாமலேயே அந்த நாவலைப் படித்து அழுதிருக்கிறார்கள். வாழ்க்கைச் செய்தி வாசிப்புக்குக் கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

3. நடுப்பக்கம்

> பார்க்க வேண்டியது வித்தியாசங்களை

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இன்னும் ஒரு படி போக வேண்டும். சில நேரம் 'அனுபவித்து எழுதியது' என்று நாம் நம்பும் பகுதிதான் அனுபவமே இல்லாத பகுதி.

ஹெமிங்வேயின் 'ஏ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' (1929). அதில் எல்லோரும் கொண்டாடுவது, முதல் உலகப் போரில், 1917 அக்டோபரில் இத்தாலியப் படை காப்பரெட்டோவிலிருந்து மழையிலும் சேற்றிலும் பின்வாங்கும் பகுதி. அந்த அக்டோபரில் ஹெமிங்வே அமெரிக்காவில் ஒரு நாளிதழில் புதிதாகச் சேர்ந்த செய்தியாளர். இத்தாலிக்குப் போனது 1918 ஜூனில், காயம்பட்டது ஜூலை 8இல். பின்வாங்கலைக் கண்ணால் பார்க்கவில்லை. படித்தும் கேட்டும் வரைபடம் பார்த்தும் எழுதியது.

அனுபவம் எங்கே உதவியது என்றால், உடலில். குண்டு விழும் சத்தம், கால் போய்விட்டதா என்று தடவிப் பார்ப்பது, மருத்துவமனையில் நேரம் நகராதது. இந்த உடலறிவு இருந்ததால் மற்றதைக் கேட்டு எழுதினாலும் நம்பும்படி நின்றது.

காதல் பகுதியும் ஒட்டுப்போட்டதுதான். மிலான் மருத்துவமனையில் அவர் காதலித்த செவிலி 1919 மார்ச்சில் கடிதம் எழுதி உறவை முறித்துக்கொண்டார். நாவலின் நாயகி முறிக்கவில்லை, பிரசவத்தில் இறக்கிறாள். அந்தப் பிரசவம் எங்கிருந்து? முதல் வரைவு எழுதிக்கொண்டிருந்த 1928 ஜூனில் அவருடைய இரண்டாவது மனைவிக்கு அறுவை செய்து குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். பத்து வருடப் பழைய காயமும் நேற்றைய பயமும் ஒரே பாத்திரத்தில் தைக்கப்பட்டிருக்கின்றன. 'நாயகி யார்?' என்று ஒரு பெயர் தேடினால் இது கையில் சிக்காது. 'இந்தக் காட்சி எங்கிருந்து, இந்த முடிவு எங்கிருந்து' என்று துண்டு துண்டாகக் கேட்க வேண்டும்.

ஸ்டீபன் கிரேன் இன்னும் தூரம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு வருடம் கழித்து, 1871இல் பிறந்தவர். அந்தப் போரைப் பற்றிய அவருடைய 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' 1895இல் நூலாக வந்தது. அவர் போர்க்களத்தை நேரில் பார்த்தது 1897இல், கிரேக்க–துருக்கிப் போரில்.

4. ஐந்திணை

இந்தப் பேச்சு நம் மரபுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் அகத்திணையியலில் "மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்று இருக்கிறது. அகப்பாடலில் யாரையும் பெயர் சுட்டக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி அவ்வளவுதான். உணர்ச்சி யாருடையதாகவும் இருக்கலாம், பாட்டு எல்லோருக்கும் பொது. பெயர் வந்தால் அது அந்த ஒருவரின் செய்தியாகிவிடும், புறமாகிவிடும்.

நெடுநல்வாடை இதற்குக் கூர்மையான உதாரணம். 188 அடியும் பிரிவில் வாடும் அரசியும் பாசறையில் தூங்காத அரசனும்தான். பெயர் எங்கும் இல்லை. ஆனால் "வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகமொடு" என்று ஓர் அடி வருகிறது. வேப்பம்பூ பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பு ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்பதால் நச்சினார்க்கினியர் இதை அகம் என்று ஏற்கவில்லை. பெயரை மறைத்தால் போதாது, ஒரே ஓர் அடையாளம் தப்பினாலும் ஆள் வெளியே வந்துவிடுவார்.

அடிக்கோடு கேட்ட 'வெளிச் சான்று'க்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வெள்ளிவீதியாரின் பாடல்களில் தலைவனைப் பிரிந்த தவிப்பு வருகிறது. அதை மட்டும் வைத்து அவருடைய வாழ்க்கையைச் சொன்னால் வட்ட வாதம்தான். ஆனால் ஔவையார் அகநானூறு 147இல், வெள்ளிவீதியைப் போல நானும் தேடிப் புறப்பட எண்ணினேன் என்று ஒரு தலைவியைப் பேச வைக்கிறார். இன்னொரு புலவர் சொல்வதால் அது கொஞ்சம் கனம் பெறுகிறது. கொஞ்சம்தான். ஔவையாருடையதும் பாட்டு, பதிவேடு அல்ல.

5. நாலாம்வரைவு

வாசகர் பக்கம் நல்லா போகுது. எழுதறவங்க பக்கத்திலிருந்து சில விஷயம். சொந்த அனுபவத்தை வச்சு எழுதின கைப்பிரதிகள்ல திரும்பத் திரும்ப ஒரே கோளாறுகள்தான் வரும்.

முதல் கோளாறு: சுத்தி இருக்கற எல்லாரும் உயிரோட இருப்பாங்க, நாயகன் மட்டும் வெறும் கண்ணாடி மாதிரி நிப்பான். நினைவுல நாம எப்பவும் பார்த்துக்கிட்டு நிக்கறவங்கதான், நம்ம முகம் நமக்குத் தெரியாது. சரிபார்க்க ஒரு வழி: காட்சிகளை எண்ணுங்க. ஒவ்வொண்ணுலயும் நாயகன் எடுத்த முடிவு என்னன்னு ஒரு வரி எழுதுங்க. 20 காட்சியில 3க்குத்தான் வரி கிடைக்குதுன்னா, அது கதையா ஆகலை, இன்னும் நினைவாவே இருக்கு. சில இடத்துல நிஜத்துல மத்தவங்க எடுத்த முடிவை நாயகனுக்கு மாத்திக் குடுக்கணும்.

இரண்டாவது: தகவல் விட்டுப்போறது. அப்பா ஏன் அந்தக் கதவைத் திறக்க மாட்டார்னு எழுதறவருக்குத் தெரியும், பக்கத்துல இருக்காது. அவர் மனசுல முழுசா ஓடற காட்சி தாள்ல பாதிதான் இறங்கியிருக்கும். அந்தக் குடும்பத்தைத் தெரியாத ஒருத்தர் படிச்சு, புரியாத இடத்துல கோடு மட்டும் போட்டுத் தரணும். கருத்து சொல்ல வேண்டாம்.

மூணாவது: பழி தீர்க்கற பாத்திரம். கோபம் ஆறாம எழுதினா அந்த ஆள் வர்ற ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிரான சாட்சியா இருக்கும். வாசகர் மூணாவது பக்கத்துலயே கண்டுபிடிச்சிருவார். மருந்து: அதே காட்சியை அந்த ஆளோட பார்வையில ரெண்டு பக்கம் எழுதிப் பாருங்க. அச்சுக்குப் போக வேண்டாம். அதுலேருந்து ஒரு நியாயமான வரி கதைக்குள்ள வந்தாகூடப் போதும்.

நாலாவது, விமர்சனம் வந்ததும் "ஆனா அது நிஜமாவே அப்படித்தான் நடந்துச்சு"ன்னு சொல்றது. நடந்ததுங்கறது கதைக்கு நியாயம் ஆகாது. வாழ்க்கையில தற்செயல் நடக்கலாம். கதையில அதே தற்செயல் முடிச்சை அவிழ்த்தா வாசகர் ஏமாந்துபோனதா நினைப்பார்.

வேலை செய்யற முறை இது. மூணு தாள் எடுத்துக்கங்க. ஒண்ணுல நடந்ததை மட்டும், கால வரிசையில, தீர்ப்பு இல்லாம. இன்னொண்ணுல அந்த நேரத்துல உங்களுக்குத் தெரியாம இருந்து பின்னாடி கேள்விப்பட்டது. மூணாவதுல அன்னைக்கு உணர்ந்தது. முதல் தாளும் மூணாம் தாளும் ஒத்துப்போகாத இடம் வரும்: சாவு வீட்ல பசிச்சது, அவமானத்துக்கு நடுவுல சிரிப்பு வந்தது. கதை அங்கேதான் இருக்கு. அந்த இடத்தை வச்சுக்கிட்டு மத்ததை மாத்தலாம். இரண்டாம் தாள்ல இருக்கறதை நாயகனுக்கு எப்பத் தெரியவைக்கணும்கறது கதையோட முடிச்சை முடிவு பண்ணும்.

6. காற்புள்ளி

நாலாம்வரைவு, ஒரு கேள்வி. 'நான்' என்று எழுதியதை 'அவன்' என்று மாற்றினால் தூரம் வந்துவிடும் என்று பட்டறைகளில் சொல்கிறார்களே, அது உண்மையில் உதவுமா?

7. நாலாம்வரைவு

சொல்லை மட்டும் மாத்தினா உதவாது. 'நான்' இருந்த இடத்துல 'அவன்' வந்து, வாக்கியம் அப்படியே இருக்கும். ஆனா மாத்தும்போது சிக்கற இடங்களைக் குறிச்சு வைங்க. "நான் பாவம்" எழுதலாம், "அவன் பாவம்" எழுதக் கூசும். அப்படிக் கூசற வரியெல்லாம் தன்னிரக்கம், வெட்டிடலாம். வெட்டி முடிச்சதும் திரும்ப 'நான்'க்கு வந்தாலும் தப்பில்லை.

இதைவிட வலுவான மாற்றம், அனுபவத்தை நாயகன்கிட்டேயிருந்தே எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்கறது.

8. பழம்பிரதி

இதற்குப் பெரிய உதாரணம் தாஸ்தாயெவ்ஸ்கி. 1849 டிசம்பர் 22 அன்று சுட்டுக் கொல்வதற்காக மைதானத்தில் நிறுத்தப்பட்டு, கடைசி நேரத்தில் தண்டனை மாற்றப்பட்டவர். அன்றே அண்ணனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், ஆக வெளிச் சான்று மிக உறுதி. பத்தொன்பது வருடம் கழித்து 'இடியட்' நாவலில் அது வருகிறது. ஆனால் நாயகன் மிஷ்கினுக்கு நடந்ததாக இல்லை. தான் சந்தித்த பெயரில்லாத ஒருவருக்கு நடந்ததாக மிஷ்கின் சொல்கிறான். தன் வலிப்பு நோயை நாயகனுக்குக் கொடுத்தவர், மரணத் தருவாயை மட்டும் கேள்விப்பட்ட செய்தியாக வைக்கிறார். மிஷ்கினே அனுபவித்திருந்தால் அவன் ஒரு தியாகி ஆகியிருப்பான். கேட்டவனாக இருப்பதால், பிறருடைய வலியைத் தாங்கிக்கொள்ள முடியாதவன் ஆகிறான். நாவலுக்குத் தேவைப்பட்டவன் அவன்தான்.

9. மெய்ப்புமேசை

ஐந்திணை சொன்ன வேப்பம்பூ பதிப்பகத்தில் தினப்படிப் பிரச்சினை. பெயரை மாற்றிவிட்டேன், ஆகவே பாதுகாப்பு என்று எழுதுகிறவர்கள் நம்புகிறார்கள். "இக்கதையில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே" என்ற வரியையும் நம்புகிறார்கள். அந்த வரி திரைப்படங்களில் பரவியதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. ரஷ்ய அரச குடும்பத்தில் செல்வாக்குப் பெற்ற சாமியார் ரஸ்புடினைப் பற்றி 1932இல் ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம் எடுத்த படத்தில் நடாஷா என்ற இளவரசி வருகிறாள். ரஸ்புடினைக் கொன்றவர்களில் ஒருவரான யூசுபோவின் மனைவி இரினா, அது தன்னைத்தான் குறிக்கிறது என்று லண்டனில் வழக்குத் தொடுத்தார். பெயர் வேறு. ஆனால் கொலை செய்தவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் என்ற ஒரே அடையாளம் போதுமானதாக இருந்தது. 1934இல் 25,000 பவுண்டு இழப்பீடு.

நேர்மாறான வழக்கும் உண்டு. இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை வேடிக்கைக்காக 'ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ்' என்று ஒரு பெயரை உருவாக்கி எழுதியது. அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார். 1,750 பவுண்டு கொடுக்க வேண்டி வந்தது. அப்போது அந்த நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1909இல் அதை உறுதி செய்தது. ஆகப் புதுப் பெயர் வைத்தால், அதே தொழிலில் அதே வட்டாரத்தில் அந்தப் பெயரில் யாரும் இருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் தெரிந்தவர் படித்தால் ஆளை அடையாளம் காண்பாரா என்ற கேள்வி எங்கும் மையமானது.

கைப்பிரதியைப் பார்க்கும்போது ஒவ்வொரு நிஜ மனிதருக்கும் இந்த அடையாளங்களை ஒரு தாளில் எழுதுவது பலன் தரும்: பெயரின் ஒலி, வயது, உடல் அடையாளம், பேச்சில் திரும்ப வரும் சொல், தொழில், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, ஊர், எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவம், எழுதுகிறவருக்கு என்ன உறவு. பெயர், வயது, ஊரை மாற்றுவது சுலபம், எல்லோரும் செய்கிறார்கள். காட்டிக் கொடுப்பவை கடைசி இரண்டும்தான். 'கதைசொல்லியின் அத்தை, கல்யாணத்தன்று வீட்டை விட்டுப் போனவள்' என்றால் பெயர் என்னவாக இருந்தால் என்ன? சம்பவத்தை வேறு ஆளுக்கு மாற்றுங்கள், அல்லது உறவை மாற்றுங்கள்.

டிக்கன்ஸுக்கும் இது நடந்தது. 'பிளீக் ஹவுஸ்' நாவலின் ஸ்கிம்போல், அவருடைய நண்பர் லீ ஹண்ட்டை அச்சாக உரித்து வைத்தது. அச்சுக்கு முந்தைய மெய்ப்பில் முதற்பெயரை லியனார்ட் என்பதிலிருந்து ஹரால்ட் என்று மாற்றினார், உருவத்தையும் மாற்றினார். பேச்சை விட்டுவிட்டார். பேச்சை வைத்து எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

10. நடுப்பக்கம்

ஒரு மறுப்பும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க விமர்சகர்கள் விம்சட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இலேயே, எழுத்தாளரின் நோக்கத்தை வைத்துப் படைப்பை அளக்கக் கூடாது என்றார்கள். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1967இல் 'ஆசிரியனின் மரண'த்தை அறிவித்தார், அதாவது படைப்பின் பொருளை முடிவு செய்வது ஆசிரியன் அல்ல என்றார். நம் சிறுபத்திரிகைகள் இதை நிறையப் பேசியாயிற்று. பிறகும் கடிதம், நாட்குறிப்பு என்று துருவுவது பின்னோக்கிப் போவது ஆகாதா?

11. அடிக்கோடு

அவர்கள் மறுத்தது, வாழ்க்கையைக் காட்டிப் பொருளை முடித்து வைப்பதை. ஒரு படைப்பு எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்பது வேறு வேலை. டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வைப் பாருங்கள். லெவின் முதலெழுத்துகளை மட்டும் சுண்ணக்கட்டியால் எழுதிக் காதல் சொல்கிறான், திருமணத்துக்கு முன் தன் நாட்குறிப்புகளைப் படிக்கக் கொடுக்கிறான். இரண்டும் 1862இல் டால்ஸ்டாய் செய்தவை. அன்னா ரயிலில் விழுவதோ வேறொரு வழியில் வந்தது. 1872 ஜனவரியில் பக்கத்து நிலக்கிழாரோடு வாழ்ந்த ஒரு பெண் ரயில் முன் பாய்ந்தார். பிரேத பரிசோதனையின்போது டால்ஸ்டாய் போய்ப் பார்த்தார். அடுத்த வருடம் நாவலைத் தொடங்கினார். ஒரே புத்தகத்தில் வாழ்ந்தது பாதி, பார்த்தது பாதி. ஆனால் நாவலுக்குப் பெயர் தந்தது பார்த்த பாதி. இதைக் கவனிப்பதால் நாவலின் பொருள் குறுகவில்லை.

தமிழில் இந்த ஆய்வுக்கு ஏற்றவர் அசோகமித்திரன். 1931இல் செகந்திராபாத்தில் பிறந்து அங்கே வளர்ந்தார். அந்த ஊரின் 1947-48 கொந்தளிப்பு '18வது அட்சக்கோடு' நாவலாக வந்தது 1977இல், கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து. சந்திரசேகரன் என்ற மாணவனின் கண்ணால் கதை நகர்கிறது. ஜெமினி ஸ்டூடியோவில் பல வருடம் வேலை செய்தவர், திரைத்துறையை வைத்து 'கரைந்த நிழல்கள்' எழுதினார். ஜெமினி நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் நினைவுக் குறிப்புகளும் தனியே எழுதியிருக்கிறார். ஒரே வாழ்க்கைப் பகுதிக்குப் புனைவும் உண்டு, நினைவுக் குறிப்பும் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

12. காற்புள்ளி

'கரைந்த நிழல்க'ளில் மையப் பாத்திரமே இல்லையே. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறுகிறார். வித்தியாசத்தை எதற்கு எதிராக வைத்துப் பார்ப்பது?

13. அடிக்கோடு

அந்த நாவலில் பார்க்க வேண்டிய வித்தியாசமே அதுதான். நெடுக்காக மூன்று பத்தி போட்டுத் தாளைப் பிரியுங்கள். முதலில் நினைவுக் குறிப்பில் உள்ள செய்தி, அடுத்து நாவலில் அது வரும் இடம், மூன்றாவதில் மாறியது. நினைவுக் குறிப்பில் வரி தவறாமல் 'நான்' இருக்கிறார், பார்க்கிறார், கேட்கிறார். நாவலுக்கு வந்ததும் அந்த ஆளுக்கு நேராக எழுத யாரும் கிடைக்க மாட்டார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, அவர் இருந்திருந்தால் எந்தெந்தக் காட்சியில் நின்றிருப்பார் என்று எழுதிப் பாருங்கள். தயாரிப்பு நிர்வாகியும் துணை நடிகைகளும் உதவி இயக்குநர்களும் யாருடைய பார்வையும் படாமல் தனித்தனியாக அல்லாடுவது அப்போது தெரியும்.

14. நடுப்பக்கம்

சரி, இரண்டு நூலையும் எடுத்து வைத்துவிட்டேன். முதல் அத்தியாயத்திலிருந்து போட்டுப் பார்க்கிறேன்.